டாலஸில் திறக்கப்பட்ட பழைய கோப்புகள்: கிரெய்க் வாட்கின்ஸின் பதவிக்காலம் (2007–2014)

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டத் தலைமை அரசு வழக்குரைஞர் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர். நம் ஊர் பப்ளிக் பிராசிக்யூட்டரைப் போல அரசு நியமிப்பவர் அல்லர். எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்பினார் என்பதே அவருடைய ஓட்டுக் கணக்காகிவிடும். டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் கவுண்ட்டியில் இந்தக் கணக்கில் பேர் போனவர் ஹென்றி வேட். 1951 முதல் 1986 வரை பதவியில் இருந்தார். அதிபர் கென்னடியைக் கொன்றதாகக் கைதானவரைச் சுட்டுக்கொன்ற ஜாக் ரூபி மீதான வழக்கை நடத்தியவர் இவரே. கருக்கலைப்பு உரிமை பற்றிய ‘ரோ எதிர் வேட்’ வழக்கின் வேடும் இவரே. கறுப்பினத்தவர் ஜூரியில் உட்காராமல் பார்த்துக்கொண்டதும் இவருடைய அலுவலகம்தான். 1986இல் நடந்த ஒரு கொலை வழக்கில், தகுதி பெற்ற 11 கறுப்பினத்தவரில் 10 பேரை அரசுத் தரப்பு கழித்துக்கட்டியது. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

மறு ஆண்டே கிரெய்க் வாட்கின்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். டெக்சஸில் இப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடி வந்தவர். அதே அலுவலகத்தில் வேலை கேட்டு ஒரு காலத்தில் மறுக்கப்பட்டவர்.

2007இல் அவர் அமைத்த தண்டனை மறுஆய்வுப் பிரிவு, டிஎன்ஏ சோதனை கேட்டுக் குவிந்திருந்த 400க்கும் மேற்பட்ட மனுக்களைச் சட்டக்கல்லூரி மாணவர்களின் துணையோடு பிரித்துப் படித்தது. இதன் முழுப் பெருமையையும் வாட்கின்ஸுக்கே எழுதிவிடுவது சரியல்ல. டிஎன்ஏ சோதனை கோர வழிவிடும் மாநிலச் சட்டம் 2001லேயே வந்துவிட்டது. அவருக்கு முன்பே சிலர் விடுதலையாகியும் இருந்தார்கள். அதைவிட முக்கியம், பல ஊர்களில் வழக்கு முடிந்ததும் அழித்துவிடும் உயிரியல் மாதிரிகளை டாலஸின் தடய அறிவியல் கூடம் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. வேட் காலத்துத் தீர்ப்புகளைக் கவிழ்க்கும் சாட்சியம் வேட் காலத்திலிருந்தே அலமாரியில் கிடந்தது. சோதனை மனுக்களை அரசுத் தரப்பே எதிர்த்து நின்றதுதான் தடை. வாட்கின்ஸ் அந்த எதிர்ப்பைக் கைவிட்டார்.

அப்படி நடந்த ஒரு சோதனையின் பலனாக, 1980இல் தண்டிக்கப்பட்டு 30 ஆண்டுகள் சிறையில் இருந்த ஒருவர் 2011இல் நிரபராதி என அறிவிக்கப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் முன்கூட்டியே விடுகிறோம் என்றபோதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சிக்கியது தவறான அடையாளம் காட்டலால். டாலஸில் தவறிய வழக்குகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். சந்தேக நபர் யார் என்று தெரிந்த போலீஸ்காரரே சாட்சியின் முன் படங்களை வரிசையாகப் பரப்பிவைப்பார். அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பார்வையே போதும். 2009இல் டாலஸ் காவல்துறை இம்முறையை மாற்றியது: வழக்கைப் பற்றித் தெரியாத ஒருவர், படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். தவறாகச் சிறையில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 80,000 டாலர் என்று டெக்சஸ் இழப்பீட்டை உயர்த்தியதும் அதே ஆண்டில்தான்.

வாட்கின்ஸை எளிதாக வகைப்படுத்திவிட முடியாது. அவருடைய கொள்ளுத்தாத்தா 1932இல் டெக்சஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர். ஆனாலும் அவருடைய அலுவலகம் மரண தண்டனை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 2013இல் தன்னால் நேர்ந்த கார் விபத்துக்கான நஷ்டஈட்டைப் குற்ற வழக்குகளில் பறிமுதல் செய்த பணத்தில் உருவான அலுவலக நிதியிலிருந்து கொடுக்க வைத்தது அவர் பெயரைக் கெடுத்தது. 2014 தேர்தலில் சூசன் ஹாக்கிடம் தோற்றார். ஊரார் பழைய நிறப் பாரபட்சத்தால் மட்டுமே அவரை ஒதுக்கினார்கள் என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. 2014 தேர்தலில் சூசன் ஹாக்கிடம் தோற்றார். 2023இல் தம் 56ஆம் வயதில் காலமானார்.

எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹாக் மறுஆய்வுப் பிரிவைக் கலைக்கவில்லை. அவர் காலத்தில் அதற்குத் தலைமை தாங்கிய பாட்ரிசியா கமிங்ஸ், 2018இல் பிலடெல்ஃபியாவின் தலைமை அரசு வழக்குரைஞர் லாரி கிராஸ்னரின் கீழ் அதே வேலையைச் செய்ய அங்கே சென்றார்.