வீட்டுக்குத் திரும்பி ஓட்டிப்போகிற காருக்கு எந்த வகுப்பு?

எங்களில் கனபேர் மஸ்டா மியாட்டாவை முதலில் கண்டது ரோட்டில் இல்லை, பிளேஸ்டேஷனில். கிரான் டூரிஸ்மோவில் ஒரு சின்னக் கார் வாங்குவோம். காசு சேரச் சேர எஞ்சினை மாற்றுவோம், எடையைக் குறைப்போம், நல்ல ரயர் போடுவோம். பிறகு ஆசையா ஒரு றேஸுக்குப் போனால், இந்தக் காரை இதுக்குள்ள விடமாட்டன் எண்டு கேம் மறித்துப்போடும். பரவாயில்லை, பூட்டின சாமான் கனக்க ஒரு பட்டனை அமத்தினால் கழண்டுவிடும். உண்மையான கராஜில் அந்தப் பட்டன் இல்லை. வெட்டின ஸ்பிரிங்கை ஆரும் ஒட்டித் தரமாட்டினம்.

ஒருத்தரிட்ட ரெண்டு சீற் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்டு இருக்கு. நம்பர் பிளேட், காப்புறுதி எல்லாம் இருக்கு. கிழமை நாட்களில் வேலைக்கும் அதிலதான் போகிறார். ஞாயிற்றுக்கிழமை அதே காரில் போட்டிக்குப் போக ஆசை. எந்த வகுப்பில் பதிவது? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அமெரிக்காவின் அமெச்சூர் மோட்டார் விளையாட்டு முக்கால் நூற்றாண்டாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் போட்டி வகுப்புக்கும் சமூக வர்க்கத்துக்கும் 'கிளாஸ்' எண்டு ஒரே சொல்தான். தமிழில் ரெண்டு சொல் இருக்கிறது எங்களுக்கு வசதி. ஏனெண்டால் இந்தக் கதையில் ஒண்டு மற்றதின்ர பின்னால ஒளிச்சிருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஒஃப் அமெரிக்கா, சுருக்கமாக எஸ்.சி.சி.ஏ., 1944 பெப்ரவரியில் பொஸ்டனில் தொடங்கியது. உலகப்போர் இன்னும் முடியவில்லை. அதுக்கு முன்னம் 1930களில் கொலியர் சகோதரர்கள் நடத்தின ஒரு சின்னக் கழகம் இருந்தது. போர் வர அது கலைந்துபோனது. கொலியர் குடும்பம் விளம்பரத்திலும் புளோரிடா நிலத்திலும் பணம் பண்ணின குடும்பம். புதுக் கழகமும் முதலில் அரிய கார்களைப் பாதுகாக்கிற பணக்கார ஆட்களின் கூட்டம்தான். அதைக் குழப்பினது ஒரு இங்கிலிஷ் கார்.

எம்.ஜி. ரி.சி. எண்ட அந்தக் கார் 1945 முதல் 1949 வரை தயாரானது. எல்லாமாக 10,000 அளவில்தான் செய்தார்கள். 1250 சி.சி. எஞ்சின், 54 குதிரைவலு, ஸ்டியரிங் வலது பக்கம் மட்டும். இங்கிலாந்தில் நிண்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இந்த மாதிரிச் சின்ன எம்.ஜி.களில் ஒரு விருப்பம் வந்து, ஊர் திரும்பின பிறகும் அது போகவில்லை. அமெரிக்கக் காரோடு பார்த்தால் இது விளையாட்டுச் சாமான். ஆனால் வளைவில் திருப்பினால் திரும்பும். விலையும் மற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் மாதிரி எட்டாத உயரத்தில் இல்லை.

1948 ஒக்டோபர் 2. நியூயோர்க் மாநிலத்தில் வொட்கின்ஸ் கிளென் எண்ட கிராமம். கமரன் ஆர்ஜெட்சிங்கர் எண்ட சட்ட மாணவன் ஊரவரைச் சம்மதிக்கப்பண்ணி, பொது வீதிகளை மூடி ஒரு றேஸ் வைத்தார். சுற்று 6.6 மைல். கொஞ்சம் தார், கொஞ்சம் சீமெந்து, கொஞ்சம் கிரவல், நடுவில் ஒரு ரயில் கடவை. றேஸ் முடியுமட்டும் ரயிலை மறித்து வைத்தார்கள். எட்டுச் சுற்று ஓடி வெண்டது ஃபிராங்க் கிறிஸ்வோல்ட், போருக்கு முந்தின அல்ஃபா றோமியோ 8சி 2900 ஒண்டில். சுப்பர்சார்ஜர் பூட்டின எட்டு சிலிண்டர் கார் அது. ஆர்ஜெட்சிங்கர் தன்ர எம்.ஜி. ரி.சி.யில் ஒன்பதாவதாக வந்தார்.

அந்த ஒன்பதாம் இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கோ. ஒரே வீதி, ஒரே கொடி. ஆனால் ஒருத்தரிட்ட இருக்கிற வலு மற்றவரிட்ட இருக்கிறதைப்போல மூண்டு மடங்குக்குக் கிட்ட. ஆர் நல்லா ஓட்டினது எண்டு அந்தப் பட்டியலைப் பார்த்து என்னெண்டு சொல்லுறது? வகுப்புப் பிரிக்கிறது இந்த இடத்தில்தான் தொடங்குது. பணத்தின்ர சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, ஓட்டுறவரின்ர கையைக் கேட்கப் பண்ணுறதுக்கு.

ஆனால் அதே கழகம் இன்னொரு பக்கத்தால் கதவைச் சாத்தியும் வைத்திருந்தது. 1950களில் எஸ்.சி.சி.ஏ. அமெச்சூர் விதியில் கடும் பிடிவாதம். பரிசுப் பணம் கிடையாது, ஓட்டுறதுக்குச் சம்பளம் வாங்கக்கூடாது. கேட்க நல்ல கொள்கை மாதிரித்தான் இருக்கும். ஆனால் பணம் வாங்காமல் றேஸ் ஓட ஆரால் ஏலும்? ஏற்கனவே பணம் உள்ளவரால்தான். டெக்சாஸில் கோழிப்பண்ணை வைத்து, கோழிகள் நோயில் செத்து நட்டப்பட்டுப்போன கரோல் ஷெல்பி, 1952இல் முதல் முதல் ரோட் றேஸ் ஓடி வெண்டது நண்பர் ஒருவரின் எம்.ஜி. ரி.சி.யில். அதுக்குப் பிறகும் கன காலம் பணக்காரர் வாங்கின கார்களைத்தான் அவர் ஓட்டினார். தொழில்முறைப் போட்டிகளைக் கழகம் தானே நடத்தத் தொடங்கினது 1960களின் ஆரம்பத்தில்தான்.

வீதி றேஸ் நிண்டது வேறு காரணத்தால். 1952இல் வொட்கின்ஸ் கிளென் பிரதான வீதியில் சனம் நடைபாதை விளிம்பில் குந்தியிருந்து பார்த்தது. ஒரு அலார்ட் கார் அவர்களில் உரசிக்கொண்டு போனது. ஏழு வயசுப் பொடியன் ஒருவன் செத்துப்போனான், கனபேர் காயம். அடுத்த வருசமே றேஸை ஊர் வீதியை விட்டு வெளியில் எடுத்தார்கள். 1956இல் அதுக்கெண்டே தனிச் சுற்றுப்பாதை வந்தது.

இடையில் ஓடுறதுக்கு இடம் குடுத்தது ஆர் எண்டால் நம்பமாட்டீங்கள். டோக்கியோவை எரித்த குண்டுவீச்சுக்குத் தலைமை தாங்கின ஜெனரல் கேர்ட்டிஸ் லெமே. அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம், சொந்தமா ஒரு அலார்ட்டும் இருந்தது. 1952 முதல் 1954 வரை தன்ர விமானப்படைத் தளங்களைக் கழகத்துக்குத் திறந்துவிட்டார். டிக்கெட் காசு படையினரின் நலன்புரி நிதிக்கு. கொங்கிரஸில் கேள்வி எழும்ப அது நிண்டது. ஆனால் ஓடுபாதை, அகலமான கொங்கிரீற், சனத்தைத் தள்ளி வைக்கலாம் எண்ட யோசனை நிலைத்துவிட்டது. எங்கட நாட்டிலும் களுத்துறைக்குக் கிட்ட கட்டுக்குருந்தவில் பிரித்தானியக் கடற்படை போர்க்காலத்தில் கட்டின விமானத்தளம் பிறகு கார், மோட்டார் சைக்கிள் றேஸுக்குப் பாவிக்கப்பட்டது. போர் விட்டுட்டுப் போன கொங்கிரீற்றில் எல்லா ஊர்ப் பொடியளுக்கும் ஒரே யோசனைதான் வரும் போல.

இனி வகுப்புக்கு வருவம். தொடக்கத்தில் பிரித்தது எஞ்சின் கொள்ளளவை வைத்து. இத்தனை சி.சி.க்கு இந்த எழுத்து எண்டு. சுலபமான கணக்கு, ஆனால் பிழையான கணக்கு. 1950களின் நடுவில் வந்த எம்.ஜி.ஏ.க்கு 1489 சி.சி., வலு 70 அளவில். போர்ஷ 356 கரேராவின் முதல் எஞ்சின் 1498 சி.சி.; நாலு கம்ஷாஃப்ற், வலு 100 அளவில். சி.சி.யைப் பார்த்தால் ரெண்டும் கூடப்பிறந்ததுகள். 1960 அளவில் கழகம் முறையை மாற்றியது. கார் உண்மையில் எவ்வளவு வேகமா ஓடும் எண்டு பார்த்து, அதுக்கேற்ற வகுப்பில் போட்டது. அண்டையில் இருந்து வகுப்பு எண்டது அளவு நாடா இல்லை, ஒரு குழு இருந்து எடுக்கிற தீர்ப்பு. தீர்ப்பு எண்டு வந்தால் அதை வளைக்கவும் ஆட்கள் வருவினம்.

அதில் கெட்டிக்காரன் எங்கட கோழிப்பண்ணைக்காரன்தான். ஃபோர்ட் கொம்பனிக்கு மஸ்டாங் காரை ஸ்போர்ட்ஸ் கார் றேஸில் காட்டவேணும். மஸ்டாங்கோ பின் சீற் உள்ள குடும்பக் கார். எஸ்.சி.சி.ஏ.யின் ஜோன் பிஷப்பிட்ட ஷெல்பி கேட்டார். பதில்: ரெண்டு சீற்றாக இருக்கவேணும், 1965 தொடங்கமுதல் 100 கார் செய்து முடிக்கவேணும், வீதிக் காரில் இருந்து றேஸுக்கு மாற்றுறதெண்டால் எஞ்சின் அல்லது சஸ்பென்ஷன், ஒண்டைத்தான் மாற்றலாம். ஷெல்பி பின் சீற்றைக் கழற்றி எறிந்துபோட்டு அந்த இடத்தில் ஸ்பெயார் சில்லை வைத்தார். றேஸ் சஸ்பென்ஷனை வீதியில் விக்கிற காருக்கே பூட்டினார். அப்ப எஞ்சினை றேஸுக்கு மாற்றலாம்தானே! ஜி.ரி.350 அப்படிப் பிறந்தது. பி புரொடக்ஷன் வகுப்பில் 1965, 66, 67 மூண்டு வருசமும் அதுக்குத்தான் தேசியப் பட்டம். வீதிக் காரை றேஸுக்குக் கொண்டுவரச் செய்த விதி, கடைசியில் றேஸ் காரை வீதிக்கு அனுப்பிவிட்டது. அதை வாங்கி வேலைக்கு ஓட்டினவையின்ர முதுகுதான் பாவம்.

இதுக்குப் பிறகு புரொடக்ஷன் வகுப்புகள் பெரிய காசுக்காரரின் கைக்குப் போனது. 1970லும் 71லும் சி புரொடக்ஷன் பட்டம் வெண்ட டாட்சன் 240இசட், பீட்டர் புரொக்கின் குழு தயாரிச்சது. 1976இல் டி புரொடக்ஷன் பட்டத்தை ட்ரையம்ஃப் ரி.ஆர்.6இல் வெண்டவர் நடிகர் போல் நியூமன். வயசு 51. அவர் உண்மையான ஓட்டக்காரர், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. பிறகு இன்னும் மூண்டு பட்டம் எடுத்தார். ஆனால் கடையில் வாங்கின ரி.ஆர்.6ஐ அப்படியே கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் நிப்பாட்டினவருக்கு அது றேஸே இல்லை.

சாதாரண ஆளுக்கு மிஞ்சினது கோன் வைத்த வெளி. ஆட்டோகுரொஸ் எண்டு சொல்லுவினம், கழகத்தின் பெயர் 'சோலோ'. முதல் தேசியப் போட்டி 1973இல். பழைய ஓடுபாதையிலோ பெரிய கார் தரிப்பிடத்திலோ கோன்களை அடுக்கிப் பாதை போடுவார்கள். பாதையில் ஒரு நேரத்தில் உங்கட காருக்குப் பக்கத்தில் வேறு கார் வராது. கோன் ஒண்டை இடித்தால் நேரத்தில் 2 செக்கன் கூடும். உங்கட முறை முடிஞ்சால் வெயிலில் நிண்டு மற்றவை இடித்த கோனை நீங்கள் நிமித்தவேணும். டொக்டரும் நிமித்துவார், மெக்கானிக்கும் நிமித்துவார். இந்த விளையாட்டில் எங்களுக்குப் பிடித்ததே இதுதான்.

இங்கயும் வகுப்பு உண்டு, படிக்கட்டு மாதிரி. கீழ்ப்படியை 2014இல் 'ஸ்றீற்' எண்டு பெயர் மாற்றினார்கள், சாதாரண வீதி ரயர்தான் போடலாம் எண்டும் கட்டுப்படுத்தினார்கள். ஷொக் அப்சோபர் மாற்றலாம். ஆன்ரி-ரோல் பாரில் முன்னோ பின்னோ ஒண்டை மாற்றலாம். சைலன்சர் பக்கம் மாற்றலாம். சில்லின் விட்டத்தை ஒரு அங்குலம் கூட்டிக் குறைக்கலாம், அகலத்தில் கை வைக்கக்கூடாது. ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. அடுத்த படி 'ஸ்றீற் ரூறிங்': ஸ்பிரிங், அகலச் சில்லு, இன்னும் கன சாமான். அதுக்கு மேல போகப் போக சீற்றும் கம்பளமும் கழண்டு, கார் வெறும் கோதாகிவிடும்.

இதில்தான் புதுசா வாறவை விழுகிறது. 1989இல் வந்த முதல் மியாட்டாவுக்கு 1.6 லீற்றர் எஞ்சின், வலு 115 அளவில், சில்லு அகலம் ஐந்தரை அங்குலம். ஸ்றீற் வகுப்புக்கு நல்ல கார். ஆனால் முந்திச் சொந்தக்காரர் வடிவுக்கெண்டு ஏழு அங்குலச் சில்லுப் போட்டிருப்பார், பதிக்கிற ஸ்பிரிங்கும் போட்டிருப்பார். அந்த ரெண்டு சாமானால் கார் அடுத்த படிக்குப் போயிட்டுது. அங்கே விதி விட்ட எல்லாத்தையும் செய்து முடிச்ச ஆட்கள் நிக்கினம். இவரிட்ட இருக்கிறது ரெண்டு மாற்றம், அவையிட்ட இருபது. சரி, மற்றப் பதினெட்டையும் செய்வம் எண்டு தொடங்கினால் அது காரின் விலையைத் தாண்டும். காசைக் குறைக்கிறதுக்கு எண்டு வந்த வகுப்பு ஒரு ஏணியாகி, ஒவ்வொரு படிக்கும் காசு கேட்கிறது.

சுற்றுப்பாதையில் சக்கரத்துக்குச் சக்கரம் ஓட விரும்புறவருக்கு ஸ்பெக் மியாட்டா இருக்கிறது. 1990களின் கடைசியில் டெக்சாஸில் தொடங்கி, 2006இல் எஸ்.சி.சி.ஏ.யின் தேசிய இறுதிப் போட்டிக்கு வந்த வகுப்பு. எல்லாருக்கும் ஒரே சஸ்பென்ஷன், ஒரே ரயர், பழைய கார். நியாயம் எண்டு பார்த்தால் இதைவிட நல்ல யோசனை இல்லை. ஆனால் உள்ளுக்குள்ள இரும்புக் கூண்டு அடிக்கவேணும். ஹெல்மெட் போட்டிருக்கேக்க அந்தக் கூண்டு உயிர் காக்கும். ஹெல்மெட் இல்லாமல் சந்தைக்குப் போகேக்க ஒரு சின்ன இடி பட்டாலே அதே குழாய் தலையை உடைக்கும். அண்டையோட அது அம்மாவை ஏத்திக்கொண்டு போற கார் இல்லை. போட்டிக்குக் கொண்டுபோக ட்ரெய்லர் வேணும், ட்ரெய்லரை இழுக்க இன்னொரு வாகனம் வேணும், வேலைக்குப் போக மூண்டாவது வேணும்.

எங்களுக்குள்ள இதைப்பற்றி நல்லா வாக்குவாதப்பட்டம். ஒரு பகுதி, ஸ்பெக் மியாட்டாதான் நேர்மையான வழி, காரை முழுசாக் குடுத்திட்டு ஓடு எண்டது. மற்றப் பகுதி, அதாவது கூடப்பேர், ஸ்றீற் வகுப்புப் பக்கம். கழற்றின சில்லைத் தேடி வாங்கிப் பூட்டு, ஸ்பிரிங்கைக் கொம்பனிச் சாமானுக்குத் திருப்பு, மிஞ்சுற காசில் நல்ல ரயர் நாலு வாங்கு, மற்றதை நுழைவுக் கட்டணத்துக்கு வை. முதல் வருசம் கடைசியாத்தான் வருவாய். தேசியப் போட்டியிலேயே ரெண்டு நாள், ஒரு நாளைக்கு மூண்டு ஓட்டம்தான். ஒவ்வொண்டும் ஒரு நிமிசம் அளவில். அந்த ஆறு நிமிசத்துக்காக வருசம் முழுக்க ஒழுங்கா ஓடிப் பழகலாம். பின்னேரம் கோன்களை அடுக்கி லொறியில் ஏத்திப்போட்டு, கதவில் ஒட்டின இலக்கத்தை உரிச்சு எடுத்துட்டு, வாற வழியில் பெற்றோல் அடிச்சுக்கொண்டு, அதே காரில் வீட்டுக்கு வரலாம்.