தமிழ்ச் சொற்குறுக்கக் குறிகள்

தமிழ்ச் சொற்குறுக்கக் குறிகள் என்பவை, கணக்கிலும் பத்திரத்திலும் அடிக்கடி வரும் சொற்களை ஒரே எழுத்துருவாகச் சுருக்கி எழுதப் பயன்பட்ட குறிகள் ஆகும். ஆங்கிலத்தில் 'டாக்டர்' என்ற சொல்லை முதல் எழுத்தும் கடை எழுத்தும் மட்டும் நிற்க எழுதுவதோடு இவற்றை ஒப்பிடலாம்.

மரூஉவும் குறியும்

தஞ்சாவூர் 'தஞ்சை' ஆவது மரூஉ. அது பேச்சிலேயே சுருங்குகிறது. குறியோ எழுத்தில் மட்டும் சுருங்கும். படிக்கும்போது முழுச் சொல்லையே சொல்ல வேண்டும்.

முதன்மையான குறிகள்

௳ – நாள்
௴ – மாதம்
௵ – வருடம்
௶ – பற்று
௷ – வரவு
௸ – மேற்படி
௹ – ரூபாய்
௺ – எண்

வரலாறு

கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் இத்தகைய சுருக்கங்கள் காணப்படுகின்றன. ஓலையில் இடம் குறைவு. எழுத்தாணியால் கீறுவதும் மெதுவான வேலை. ஆகவே கணக்குப்பிள்ளைகள் குறிகளையும், மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஆகிய பின்னங்களுக்கான எழுத்துகளையும் நம்பினர்.

ஆர்க்காட்டு நவாபு 1763-இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அங்குள்ள சுமார் 2,000 ஊர்களை அளந்து பதிவு செய்தார். அதற்கு அடிப்படையான ஊர்க் கணக்கோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. விளைச்சலில் ஏரிக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, குயவருக்கும் வண்ணாருக்கும் எவ்வளவு என்பன அவற்றில் உள்ளன.

இச்சீமையைச் சேர்ந்த புள்ளலூரை, 1780 செப்டம்பர் 10 அன்று பெய்லியின் படை திப்புவிடம் தோற்ற களமாக உலகம் அறியும். போரை ஆங்கில நூல்களில் படித்துவிடலாம். இப்பகுதி உழவரும் தொழிலாளரும் வாழ்ந்த வாழ்வைப் படிக்கக் குறிகள் தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கொழிவு

1957-இல் தசம நாணய முறை வந்தது. பழைய பின்னங்கள் தளர்ந்தன. 1980-இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறையும் ஒழிந்தது. பள்ளிப் பாடத்தில் இடம்பெறாததால், தாத்தாவின் கிரயப் பத்திரத்தைப் பேரனால் படிக்க முடியாத நிலை பல வீடுகளில் உள்ளது. ௵, ௴, ௳ ஆகியவை மட்டும் சில திருமண அழைப்பிதழ்களில் எஞ்சியுள்ளன.

இன்று

மேற்கண்ட எட்டுக் குறிகளும் 2003-இல் ஒருங்குறியில் சேர்ந்தன. பின்னங்கள் உள்ளிட்ட மேலும் 51 எழுத்துருக்கள் 2019-இல் இடம்பெற்றன. இப்போது கணினி இவற்றைக் காட்டும். படித்துச் சொல்வோரை உருவாக்குவதே எஞ்சிய பணி.