'எத்தனை பர்சன்ட் முடிஞ்சது?'

ஆபீஸ் மீட்டிங்கில் என்னைத் துரத்துற கேள்வி இது. அது தப்பான கேள்வின்னு எனக்குப் புரிய வெச்சது எஃப்.பி.ஐ. கதை.

வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாத்த, 800 பக்கத்துக்கு மேல தேவைகளை எழுதினாங்க. சுமார் 17 கோடி டாலர் செலவழிச்சும், 2005-ல் அந்த 'வெர்ச்சுவல் கேஸ் ஃபைல்' திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து வந்த 'சென்டினல்' திட்டமும் ஒப்பந்த நிறுவனத்திடம் இழுத்துக்கிட்டே போக, 2010-ல் எஃப்.பி.ஐ.யே வேலையைக் கையில் எடுத்தது. சின்ன டீம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செய்து முடித்த பகுதியை ஓட்டிக் காட்டணும். 2012 ஜூலையில் அது ஊழியர்கள் எல்லோருடைய பயன்பாட்டுக்கும் வந்தது.

மாறினது கேள்விதான்: 'இதை வெச்சு இன்னைக்கு யாருக்கு என்ன வேலை நடக்கும்?' திங்கட்கிழமை மீட்டிங்கில் நான் அதைத்தான் கேட்கப் போறேன். நீங்களும் கேட்டுப் பாருங்க.