உறைபனியும் உந்துருளியும்: 1941 மொஸ்கோக் களம் பற்றிய ஒரு நோக்கு

இரண்டாம் உலகப் போரின் கிழக்குக் களம் பற்றிய நூல்களைப் புரட்டுவோர் ஒரே வகையான புகைப்படத்தை மீண்டும் மீண்டும் காண்பர். சில்லின் அச்சுவரை சேற்றிலோ பனியிலோ புதையுண்ட ஒரு மோட்டார்ச் சைக்கிள். அதன் பக்கத்தே பூட்டிய சைட்கார். முழங்காலளவு அமிழ்ந்து நின்று அதனைத் தள்ளும் ஜேர்மன் படையினர் இருவர் மூவர். படத்தின் கீழே பெரும்பாலும் ரஷ்யக் குளிர்காலத்தின் கொடுமை பற்றி ஒரு வரி இருக்கும். பார்ப்பவன் மனத்தில் இரக்கம் எழுகிறது. அவ்விரக்கத்தோடு ஒரு வரலாற்று முடிபும் ஓசையின்றி உட்புகுந்துவிடுகிறது: மொஸ்கோவின் வாயிலில் ஜேர்மன் படையை வென்றது மனிதரல்லர், இயற்கையே என்பது அம்முடிபு. அது எத்துணைப் பொருத்தமுடையது என்பதை அப்படத்திலுள்ள வண்டியைக் கொண்டே ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதைத் தமிழில் எழுதப் புகும்போது சொல்லிலேயே ஒரு தடை நேர்கிறது. முன்பனி, பின்பனி எனப் பருவம் வகுத்த நம் முன்னோர்க்குப் பனி என்பது விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. மிஞ்சினால் மார்கழி மாதத்து வாடை. மாதக்கணக்கில் நிலத்தை மூடிக்கிடக்கும் வெண்மைக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. உறைபனி என்பதை இங்கு அப்பொருளில் ஆளுகின்றேன். ரஷ்யரிடமோ உறைபனிக்கு முன்னும் பின்னும் வரும் சேற்றுக்காலத்துக்கே ‘ரஸ்புத்தித்சா’ என்றொரு பெயர் உண்டு. பாதையற்றுப் போகும் பருவம் என்பது அதன் கருத்து. 1941இன் கதை அச்சொல்லிலிருந்தே தொடங்குகிறது.

ஜேர்மன் கவசப் படைப்பிரிவுகளில் ‘கிராட்ஷூற்சன்’ எனப்பட்ட மோட்டார்ச் சைக்கிள் காலாட்படையணிகள் இடம்பெற்றிருந்தன. இவர்கள் வண்டியில் இருந்தவாறே போர் புரிபவரல்லர். விரைந்து சென்று, இறங்கி நின்று போரிடுபவர். தாங்கிகளுக்கு முன்னே சென்று வேவு பார்த்தல், பாலங்களைக் கைப்பற்றுதல், செய்தி கொண்டு செல்லுதல் ஆகியன இவர்தம் பணிகள். 1940இல் பிரான்சில் இம்முறை பெருவெற்றி ஈட்டியது. அங்கே பாதைகள் செப்பனிடப்பட்டவை, தூரங்கள் குறுகியவை. அவ்வெற்றியே பின்னர் தவறான ஆசிரியனாக அமைந்தது எனலாம்.

1941 ஜூன் 22இல் சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுப்புத் தொடங்கியபோது இப்படையணிகள் ஏறிச்சென்ற வண்டிகள் பலவும் அமைதிக்கால வீதிகளுக்கெனப் பிறந்தவை. பி.எம்.டபிள்யூ. ஆர் 12 இதற்கு நல்ல உதாரணம். 1935இல் அறிமுகமான இவ்வண்டி 745 கனசென்ரிமீற்றர் எஞ்சின் கொண்டது, உறுதியானது, ஆயினும் இதன் பின்சில்லு ஒன்றே உந்து விசை பெற்றது. சைட்காரின் சில்லு சும்மா இழுபடுவது. நல்ல வீதியில் இதனால் இடரில்லை. சேற்றிலோ, ஒரு சில்லு உழைக்க மற்றொன்று நங்கூரமாகிவிடும். சில்லுக்கு அண்மையாக அமைந்த மட்கார்ட்டுக்குள் களிமண் புகுந்து அடைத்துச் சில்லையே நிறுத்திவிடும். லொறிகள் உழுத தடங்களிற் செல்லலாமெனில் அதுவும் எளிதன்று. முன்சில்லும் பின்சில்லும் ஒரு தடத்தில் இறங்கினால், அகலம் பொருந்தாத சைட்கார்ச் சில்லு நடுமேட்டில் ஏறி வண்டியைச் சரித்துவிடும்.

கோடையில் இவ்வண்டிகளை வாட்டியது புழுதி. மின்ஸ்க், ஸ்மொலென்ஸ்க் வழியாக மொஸ்கோ செல்லும் பெருவீதியை விட்டால் அப்பரப்பிற் செப்பனிட்ட வீதிகள் மிகச் சிலவே. மண்பாதைப் புழுதி காற்றுவடியைக் கடந்து எஞ்சினுள்ளே சென்று உருளைகளைத் தேய்த்தது. ஆகவே ஒக்ரோபர் மாதம் மொஸ்கோவை நோக்கிய இறுதித் தாக்குதல் தொடங்கியபோது களத்தில் நின்றவை ஏற்கெனவே பாதி தேய்ந்த வண்டிகள். ஒக்ரோபர் 6ஆம் திகதி இரவில் தம் படையினர்மீது முதற் பனி பொழிந்ததாகக் குடேரியன் தம் நினைவுநூலிற் குறித்துள்ளார். அது விரைவில் உருகிற்று; பாதைகள் கூழாயின. குளிர் வருமுன்பே முன்னேற்றம் நின்றது என்பது இங்கு நோக்கற்பாலது.

நவெம்பர் நடுப்பகுதியில் நிலம் உறைந்தபோது ஜேர்மன் தளபதிகள் வருந்தவில்லை, மகிழ்ந்தனர். சேறு கல்லாயிற்று, வண்டிகள் மீண்டும் ஓடின. குளிரைப் பழிப்போர் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி இது. சில கிழமைகள் உறைபனி அவர்களுக்குத் துணையாகவே நின்றது. மொஸ்கோ நகருக்கு வடமேற்கே அவர்கள் வந்து நின்ற எல்லையை, தாங்கித் தடைகளின் வடிவில் 1966இல் எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் லெனின்கிராட் நெடுஞ்சாலையிற் காட்டிக்கொண்டிருக்கிறது.

பின்னரே கடுங்குளிர் வந்தது. டிசெம்பர்த் தொடக்கத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகை சதமவளவைக்கும் அப்பாற் சென்ற நாட்கள் உண்டு. காற்றாற் குளிரும் எஞ்சின் ஆகையால் மோட்டார்ச் சைக்கிளில் உறைவதற்கு நீர் இல்லை. அவ்வகையில் அது லொறியினும் மேலானது. ஆனால் எஞ்சின் எண்ணெய் தேன்பாகு போல் இறுகியது, கிறீஸ் மெழுகாயிற்று, பற்றரி வலுவிழந்தது. காலையில் எஞ்சினின் கீழே நெருப்பு மூட்டி எண்ணெயை இளக்கிய பின்னரே வண்டியை உதைத்து இயக்க முடிந்தது. பெற்றோல் வண்டியொன்றின் அடியில் நெருப்பு மூட்டுவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

எனினும் வண்டியைவிட முன்னதாகத் தளர்ந்தவன் அதன்மேல் இருந்தவனே. லொறிச்சாரதிக்குக் கூரையும் கண்ணாடியும் உண்டு. நடக்கும் சிப்பாய்க்கு நடையே சூடு தரும். மோட்டார்ச் சைக்கிளோட்டிக்கு இரண்டும் இல்லை. அசையாது அமர்ந்திருக்கும் அவன் தானே காற்றை உண்டாக்கி அதனுள் புகுந்து செல்கிறான். இதனை அளந்தறிந்த ஆய்வும் ஏறத்தாழ அதே மாதங்களில் நிகழ்ந்தது என்பது வியப்பானது. அமெரிக்கரான போல் சைப்பிள், சாள்ஸ் பஸ்ஸல் ஆகிய இருவரும் 1941இல் அந்தாட்டிக்காவில், சிறு பிளாஸ்ரிக் உருளையில் அடைத்த நீர் வெவ்வேறு காற்று வேகங்களில் உறைய எடுக்கும் நேரத்தைக் குறித்தனர். அவர்தம் முடிவுகள் 1945இல் வெளியாயின. அவ்வழியில் வந்து 2001இல் திருத்தப்பட்ட இன்றைய சூத்திரப்படி கணித்தால், பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்வோனின் வெறுந்தோலுக்கு அது ஏறத்தாழ 48 பாகைக் குளிருக்கு ஒப்பாகும். விரைவுக்கெனப் படைத்த வண்டி, விரைந்தாற் கொல்லும் வண்டியாயிற்று. ஓட்டிகளுக்கு வழங்கிய இறப்பர் பூசிய நீள்மேலங்கியோ மழைக்கு ஏற்றது. குளிரில் விறைத்து நின்றதேயன்றிச் சூட்டைக் காக்கவில்லை.

அவ்வாறாயின் குளிராடை எங்கே? போர் குளிர்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்று திட்டமிட்டோர், எஞ்சி நிற்கப்போகும் காவற்படைக்கு மட்டுமே அதனை ஒழுங்குசெய்திருந்தனர். ஆயத்தமான ஆடைகளையும் முன்னரங்குக்குக் கொண்டுசெல்லப் புகைவண்டி போதவில்லை. ரஷ்ய இருப்புப்பாதையின் அகலம் 1524 மில்லிமீற்றர். ஜேர்மன் பாதையினது 1435. பாதையை மாற்றிப் போட்ட பின்னரும், வெளிப்புறமாக நீர்க்குழாய் அமைந்த ஜேர்மன் எஞ்சின்கள் குளிரில் வெடித்தன. ஓடிய சில வண்டிகளில் வெடிமருந்துக்கும் எரிபொருளுக்கும் முதலிடம் கிடைத்தது. டிசெம்பர் 20ஆம் திகதி, கம்பளியும் தோலாடையும் தந்துதவுமாறு ஜேர்மன் மக்களிடம் வானொலியில் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கி அப்போது பதினைந்து நாள் கடந்துவிட்டது. அக்குளிர்காலத்திற் பனிக்கடியுற்ற ஜேர்மன் படையினர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர். 1942இல் அவர்களுக்கென நிறுவிய பதக்கத்தை அவர்களே ‘உறைந்த இறைச்சிப் பதக்கம்’ என்று கேலி செய்தனர்.

இதுவரை கூறியவற்றாற் குளிர் பொய் என்று ஆகாது, அது மெய். ஆனால் அதே குளிர் மறுபுறத்திலும் வீசிற்று. சோவியத் படையினர் கம்பளியை அழுத்திச் செய்யும் ‘வலென்கி’ என்ற நீள்சப்பாத்து அணிந்திருந்தனர். அவர்தம் தளபதிகள் உறைபனிக்கு மோட்டார்ச் சைக்கிளை நம்பியிருக்கவில்லை. குதிரை, சறுக்குவண்டி, பனிச்சறுக்குப் படையணி, விமானச் சுழலியால் உந்தப்படும் ‘ஏரோசானி’ ஆகியவற்றையே நம்பினர். ஜேர்மன் படையும் இறுதியில் உள்ளூர்க் குதிரையையும் சறுக்குவண்டியையும் நாடியது. இதிற் பெருஞ்சிந்தனை எதுவும் தேவைப்படவில்லை. எந்தக் குடியானவனும் கூறியிருப்பான்.

அக்குடியானவனிடம் அவர்கள் கேட்கவில்லை; பறித்தனர். இவ்விடத்திலேதான் தொடக்கத்திற் கூறிய புகைப்படத்தின் சட்டத்துக்கு வெளியே நோக்கவேண்டியுள்ளது. குளிராடையற்ற படை அதனை வழியிற் கண்டோரிடமிருந்து எடுத்துக்கொண்டது. கிராமத்தவரின் வலென்கியும் ஆட்டுத்தோல் அங்கியும் பறிபோயின. பலர் வீட்டிலிருந்து பனிக்குள் துரத்தப்பட்டனர். சிறைப்பட்ட செஞ்சேனையினரின் மேலங்கிகளும் சப்பாத்துகளும் உருவப்பட்டன. 1941இற் பிடிபட்ட முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் 1942 பெப்ரவரிக்குள் பசியாலும் நோயாலும் குளிராலும் துப்பாக்கியாலும் மாண்டனர். சோவியத் தலைமையும் இக்கிராமங்களைக் காத்ததெனக் கூறமுடியாது. பகைவனுக்குக் கூரை கிடையாதிருக்க, களத்துக்குப் பின்னே 40 முதல் 60 கிலோமீற்றர் வரையுள்ள குடியிருப்புகளை எரிக்குமாறு 1941 நவெம்பர் 17இல் ஸ்டாலினின் 0428ஆம் இலக்கக் கட்டளை பணித்தது. பின்வாங்கிய ஜேர்மன் படையும் எரித்துக்கொண்டே சென்றது. இரு நெருப்புக்கும் நடுவே நின்றவர்கள் பனியில் எங்கு உறங்கினர் என்பதைக் காட்டும் படங்கள் அரிதினும் அரிது.

காரணம் எளியது. கமெரா வைத்திருந்தவன் ஜேர்மன் சிப்பாய். அவன் தன் தோழனையும் தன் வண்டியையும் படம் பிடித்தான். போரின் பின் நினைவுநூல் எழுதுவதற்கு ஓய்வும் பதிப்பகமும் வாய்த்தவர் அவனுடைய தளபதிகள். குடேரியனின் நூல் 1951இல் வெளிவந்தது. பிழையெல்லாம் ஹிட்லருக்கும் பருவநிலைக்கும் உரியதாகவும் படையின் கைகள் தூயனவாகவும் காட்டும் வழக்கை வளர்த்த நூல்களுள் அதுவும் ஒன்று. 1995இல் ஹம்பேர்க் சமூக ஆய்வு நிறுவகம் படையினரின் புகைப்படங்களைக் கொண்டே அப்படையின் குற்றங்களைக் காட்சிக்கு வைத்தபோது ஜேர்மனியில் எழுந்த கொந்தளிப்பு, அவ்வழக்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்று. அக்காட்சியிற் சில படங்களுக்குத் தவறான விளக்கம் அளிக்கப்பட்டிருந்தமை தெரிந்து, திருத்திய காட்சி 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. புகைப்படத்தைச் சான்றாகக் கொள்வோர் அனைவருக்கும் இது ஒரு பாடம். நான் முதலில் கூறிய படத்துக்கும் அது பொருந்தும்.

அதே குளிர்காலத்தில் யூரல் மலைக்குக் கிழக்கே மற்றொரு மோட்டார்ச் சைக்கிள் உருவாகிக்கொண்டிருந்தது. பி.எம்.டபிள்யூ.வின் ஆர் 71 மொடலைப் பின்பற்றிச் சோவியத் பொறியியலாளர் எம்-72 என்ற வண்டியை 1941இல் ஆக்கினர். மாதிரி வண்டிகளைச் சுவீடன் வழியாக இரகசியமாக வாங்கினர் என்பது பரவலாக வழங்கும் வரலாறு. 1939 உடன்படிக்கைக்குப் பின் இரு அரசுகளிடையே நிகழ்ந்த கொடுக்கல்வாங்கலில் அது நேராகவே கைமாறியது என்பாரும் உளர். பின்னையது மெய்யாயின் இரு அரசுகளுக்குமே அது பெருமைதரும் செய்தியன்று. எவ்வாறாயினும், பகைவன் நெருங்கியபோது மொஸ்கோத் தொழிற்சாலை புகைவண்டிகளில் ஏற்றப்பட்டு, முன்பு சந்தைக்குப் பெயர்பெற்றிருந்த இர்பிற் என்னும் சிறு நகருக்குப் பெயர்ந்தது. அங்கே பழைய பியர் வடிசாலையொன்றில் இயந்திரங்களை நிறுத்தினர். 1942 பெப்ரவரியில் முதல் வண்டிகள் வெளிவந்தன. போர்க்காலத்தில் இர்பிற்றிலிருந்து களத்துக்குச் சென்றவை பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. எண்ணிக்கை பெரிதன்று. அமெரிக்கா அனுப்பிய ஹார்லி டேவிட்சன் வண்டிகள் அதனினும் மிகுதி. ஆயினும், உறைபனியால் இயந்திரம் தோற்றது என்று ஒருசாரார் எழுதிய அதே மாதங்களில், உறைபனி நடுவே அதே இயந்திரத்தின் படியைச் செய்துகொண்டிருந்தோர் இருந்தனர் என்பதை இது காட்டுகிறது.

ஜேர்மானியரும் கற்காமலில்லை. சைட்கார்ச் சில்லுக்கும் விசை தரும் பி.எம்.டபிள்யூ. ஆர் 75, சுண்டாப் கே.எஸ். 750 ஆகியன 1941 முதல் 1944 வரை உற்பத்தியாயின. பாதையற்ற நிலத்துக்கெனத் தனிக் கியர் வரிசையும் பின்னோக்கிச் செல்லும் கியரும் இவற்றுக்கு உண்டு. புழுதி புகாதிருக்கக் காற்றுவடி பெற்றோல் தாங்கியின் மேலே ஏறியது. புகைபோக்கியின் வெப்பத்தைக் குழாய்வழி ஓட்டியின் கைக்கும் காலுக்கும் சைட்காரில் இருப்போனுக்கும் கொண்டுசெல்லும் அமைப்பும் வந்தது. என்.எஸ்.யு. நிறுவனத்தின் ‘கெற்றன்கிராட்’டோ முன்னே மோட்டார்ச் சைக்கிட் சில்லும் பின்னே தாங்கியின் சங்கிலித் தடமும் கொண்ட விந்தைப் பிறவி, சேற்றிலும் பனியிலும் அது நன்கு இயங்கிற்று. ஆனால் ஓட்டியின் கை சூடாகும் வேளையில் அவனுடைய படையணியே கலைந்துகொண்டிருந்தது. 1942க்கும் 1943க்கும் இடையில் கிராட்ஷூற்சன் அணிகள் வேவுப்படைகளுடன் இணைக்கப்பட்டன. வண்டிகளின் இடத்தை வொல்க்ஸ்வாகன் சிற்றூர்திகள் பெற்றன.

போர் முடிந்து பதினோராண்டின் பின், 1956 குளிர்காலத்தில், ஸ்ருட்கார்ட் அருகேயுள்ள சொலிற்றூட்டில் ஏர்ன்ஸ்ற் லெவர்கூஸ் என்ற பத்திரிகையாளரின் அழைப்பையேற்று மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் சிலர் பனியில் ஒன்றுகூடினர். ‘பச்சை யானை’ என அழைக்கப்பட்ட சுண்டாப் கே.எஸ். 601 வண்டியால் அக்கூட்டம் யானைச் சந்திப்பு என்று பெயர் பெற்றது. 1989 முதல் பவேரியக் காட்டுப் பகுதியில் அது நடைபெற்று வருகிறது. வருவோர் கூடாரமடித்துப் பனியில் உறங்குகின்றனர். இர்பிற் வண்டியின் வழிவந்த யூரல்களும் அங்கே வருவதுண்டு. 2022இல் உக்ரேன் போர் மூண்ட பின் அவ்வண்டிகளின் பொருத்துவேலை கசகஸ்தானின் பெற்றோபாவ்ல் நகருக்கு மாற்றப்பட்டது.