"தூங்கிட்டான் சார்": ஒரு வரித் தீர்ப்பும் நூறு வருஷ விமான விபத்துகளும்

1/ நைட் டூட்டில கேஷுவாலிட்டி போன் அடிச்சாலே எங்களுக்கு திண்டிவனம் - விழுப்புரம் ஹைவேதான் ஞாபகம் வரும். போன மாசம் விடியற்காலை மூணே முக்காலுக்கு 108-ல ஒரு மினி லாரி டிரைவர் வந்தார். ரோட்டோரமா நின்னுட்டிருந்த லாரி பின்னாடி மோதியிருக்கார். தொடை எலும்பு முறிவு. "எப்படி ஆச்சு?"ன்னு கேட்டேன். கூட வந்தவர் ஒரே வரில முடிச்சார்: "தூங்கிட்டான் சார்."

2/ ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல நானும் அப்படியே எழுதிட்டேன். வலி குறைஞ்சப்புறம் அந்த டிரைவரே பேசினார். வண்டி எடுத்தது முந்தாநாள் மத்தியானம். நடுவுல ரெண்டு மணி நேரம்கூட படுக்கல. நின்ன லாரில பின்னாடி லைட்டும் இல்ல, ரிஃப்ளெக்டரும் இல்ல. நான் எழுதின வரில இது எதுவுமே இல்ல.

3/ விழுப்புரத்துல இருந்து திருச்சி ரோட்டைப் பிடிச்சா உளுந்தூர்பேட்டைல இரண்டாம் உலகப்போர் காலத்து ரன்வே ஒண்ணு கிடக்கு. அந்தப் பக்கம் போறப்பல்லாம் இந்த "தூங்கிட்டான்" வரிதான் மனசுல ஓடும். ஏன்னா ஆரம்பகால ராணுவ விமானங்கள் விழுந்தப்பவும் இதே மாதிரி ஒரு வரிதான் எழுதினாங்க: "பைலட் தப்பு." அந்த வரியைத் தாண்டி யோசிச்ச சிலரோட கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

4/ முதல் சாவுல இருந்து ஆரம்பிப்போம். 1908 செப்டம்பர் 17, அமெரிக்காவின் ஃபோர்ட் மையர். ரைட் சகோதரர்கள்ல ஒருத்தரான ஆர்வில் ரைட், ராணுவத்துக்குத் தன் விமானத்தை ஓட்டிக் காட்டுறார். பக்கத்துல லெப்டினென்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ். நடுவானில் ப்ரொபெல்லர் பிளந்து, வால்பக்கக் கம்பியை அறுத்துடுச்சு. ஆர்விலுக்குத் தொடையும் விலா எலும்புகளும் உடைஞ்சது, பிழைச்சுட்டார். செல்ஃப்ரிட்ஜுக்கு மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு. ஆபரேஷன் பண்ணியும் அன்னிக்கு ராத்திரியே போயிட்டார்.

5/ இயந்திர விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர்தான். ராணுவ அதிகாரி, ஆனா போர்ல சாகல. தலைக்கவசம் இல்லாம தலையில் அடிபட்டு செத்தார். அதுக்கப்புறம்தான் அமெரிக்க ராணுவ விமானிகள் ஹெல்மெட் போட ஆரம்பிச்சாங்க. ஹைவே கேஸ் பார்க்குற எந்த டாக்டருக்கும் இந்தக் கதை புதுசா இருக்காது. நாங்க வாராவாரம் பார்க்குற கதைதான்.

6/ அடுத்து முதல் உலகப்போர். பிரிட்டிஷ் விமானி நூறு பேர் செத்தா, எதிரியால் 2, விமானக் கோளாறால் 8, விமானியோட சொந்தக் குறையால் 90. அந்தக் காலத்து ராணுவ மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு இது. இதனால ஒரு நல்லது நடந்துச்சு. விமானிகளுக்குக் கண், காது, இதயம்னு முறையான பரிசோதனை வந்தது, விமான மருத்துவம்னு ஒரு துறையே பிறந்தது. ஆனா அந்த 90-ஐப் பார்க்கும்போது எனக்கு உறுத்தும். அது நிஜமாவே விமானியோட குறையா, இல்ல விசாரணை அங்கேயே நின்னுபோச்சா?

7/ சோப்வித் கேமல் விமானத்தை எடுத்துக்கங்க. எதிரி விமானங்களை வீழ்த்துறதுல பேர் வாங்கின போர் விமானம். அதை ஓட்டிப் போர்ல இறந்தவங்க 413 பேர்னா, போரே இல்லாம விபத்துல இறந்தவங்க 385 பேர்னு வரலாற்று நூல்கள் சொல்லுது. அதோட இன்ஜின் ப்ரொபெல்லரோட சேர்ந்து தானும் முழுசா சுத்தும். பெரிய பம்பரம் ஒண்ணை மூக்குல கட்டிக்கிட்டுப் பறக்குற மாதிரி. வலப்பக்கம் திரும்பினா மூக்கு கீழே இழுக்கும், இடப்பக்கம்னா மேலே தூக்கும். பழகாத கை ஒரு நொடி தடுமாறினா விமானம் சுழன்டுக்கிட்டே விழும்.

8/ இந்த இன்ஜினுக்கு ஊத்தினது என்ன எண்ணெய் தெரியுமா? நம்ம வீட்டு விளக்கெண்ணெய்! பெட்ரோல்ல கரையாது, சூட்டைத் தாங்கும். ஆனா இன்ஜின் அதைப் புகையா விமானி மூஞ்சில துப்பிக்கிட்டே இருக்கும். விளக்கெண்ணெய் உள்ளே போனா வயிறு என்ன ஆகும்னு உங்க பாட்டிகிட்ட கேளுங்க. குளிரு, கழியுற வயிறு, பம்பர விமானம், இருபது மணி நேரம்கூடப் பறக்காத இருபது வயசுப் பையன். விழுந்தா எழுதுறது: "பைலட் தப்பு."

9/ இதை மாத்தினவர் ராபர்ட் ஸ்மித்-பேரி. 1914-ல அவரே விமானத்தோட விழுந்து ரெண்டு காலும் உடைஞ்சவர். 1917-ல இங்கிலாந்தின் காஸ்போர்ட்ல பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சார். அதுவரை மாணவர்களை ஆபத்தான நிலைகள்ல இருந்து தள்ளி வெச்சுத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. இவர் தலைகீழா மாத்தினார். இரட்டைக் கட்டுப்பாட்டு விமானம், ஆசிரியர் பேச்சு கேட்க ஒரு குழாய். வேணும்னே ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோய், அதுல இருந்து எப்படி மீள்றதுன்னு கத்துக்கொடுத்தார். பையனைத் திட்டாம பயிற்சியைத் திருத்தினார்.

10/ அந்தக் காலத்து நம்ம ஆள் ஒருத்தர்: கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய். 1917 டிசம்பர் 6-ம் தேதி அவரோட எஸ்.இ.5ஏ விமானம் தரையில் மோதி பலத்த காயம். "பறக்கத் தகுதி இல்லை"ன்னு மருத்துவத் தீர்ப்பு. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு விமானங்களைப் படமா வரைஞ்சு தள்ளினார். மேலதிகாரிகளை விடாம கேட்டு, 1918 ஜூன்ல திரும்பப் பறக்கப் போனார். ஜூலை 6-ல இருந்து 19-க்குள்ள 10 வெற்றி. ஜூலை 22-ல போர்ல உயிர் விட்டார். வயசு 19. முதல் விபத்தோட "லாயக்கில்லாதவன்"னு முத்திரை குத்தி அனுப்பியிருந்தா, இன்னிக்கு நாம பெருமையா சொல்ற அந்தப் பேரே இருந்திருக்காது.

11/ இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, காது. மேகத்துக்குள்ள போன விமானங்கள் சுழன்டு விழுந்துக்கிட்டே இருந்தது. "நல்ல விமானின்னா உடம்பே சமநிலையைச் சொல்லும்"னு நம்பின காலம். 1926-ல டேவிட் மையர்ஸ்ங்கற ராணுவ டாக்டர், வில்லியம் ஆக்கர்ங்கற அனுபவசாலி விமானியைக் கண்ணை மூடிச் சுழல் நாற்காலில உட்கார வெச்சார். எந்தப் பக்கம் சுத்துதுன்னு கேட்டார். நாற்காலி வேகம் குறைஞ்சப்போ "நின்னுடுச்சு"ன்னார். நிஜமாவே நின்னப்போ "எதிர்ப்பக்கம் சுத்துது"ன்னார்!

12/ காரணம் எளிது. உள்காதுல மூணு அரைவட்டக் குழாய்கள், அதுக்குள்ள திரவம். தலை சுத்த ஆரம்பிச்சா திரவம் பின்தங்கும், அதனால சுத்துறது தெரியும். ஒரே சீரா சுத்திக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல திரவமும் சேர்ந்து சுத்தும், மூளை "நேராத்தான் இருக்கோம்"னு நம்பிடும். ஆக்கர் கெட்ட விமானி இல்ல. அவர் காது உங்க காது, என் காது மாதிரிதான். அவர் திசைகாட்டியும் திருப்பம் காட்டும் கருவியும் வெச்ச ஒரு பெட்டியோட திரும்ப வந்தார். அதைப் பார்த்துச் சொன்னப்போ ஒரு தடவைகூடத் தப்பல. 1929 செப்டம்பர் 24-ல ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடின இருக்கைல உட்கார்ந்து, கருவிகளை மட்டும் நம்பி ஏறி, பறந்து, இறங்கிக் காட்டினார்.

13/ பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2021 டிசம்பர் 8, நம்ம குன்னூர். ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரைப் பலிகொண்ட ஹெலிகாப்டர் விபத்து. முப்படை விசாரணை 2022 ஜனவரில சொன்னது: பள்ளத்தாக்குல எதிர்பாராம வானிலை மாறி, மேகத்துக்குள்ள புகுந்து, விமானிக்குத் திசையுணர்வு குழம்பிப்போச்சு. ஆனா 2024 டிசம்பர்ல வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையோட பட்டியல்ல அதே விபத்துக்கு எதிர்ல இருந்தது "மனிதத் தவறு". ரெண்டாவது வரி பொய்னு நான் சொல்லல. முதல் வரில பாடம் இருக்கு, ரெண்டாவது வரில இல்ல. அவ்வளவுதான்.

14/ கடைசியா ஒண்ணு. இரண்டாம் உலகப்போர்ல பி-17 விமானங்கள் பத்திரமா தரையிறங்கினப்புறம், விமானிகளே சக்கரத்தை மடக்கி விமானத்தை வயித்துல உட்கார வெச்சாங்க. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ்ங்கற உளவியலாளர் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும் இறக்கை மடிப்புக்கான சுவிட்சும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே மாதிரி! சக்கர சுவிட்ச்ல சின்ன ரப்பர் சக்கரம், மத்ததுல ஆப்பு மாதிரி ஒரு துண்டு ஒட்டச் சொன்னார். தடவினாலே தெரியும். குழப்பம் தீர்ந்தது.

15/ நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு வார்டுல பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலும் டிஸ்டில்ட் வாட்டர் ஆம்ப்யூலும் ஒரே ட்ரேல இருக்கும், பார்க்கவும் ஒரே மாதிரி. ஒரு ராத்திரி புது சிஸ்டர் மாத்தி எடுத்துட்டாங்க. நல்லவேளை, சீனியர் சிஸ்டர் கையைப் பிடிச்சுட்டாங்க. நேரா நரம்புல போயிருந்தா இதயமே நின்னிருக்கும். மறுநாள் புது சிஸ்டருக்கு மெமோ. ட்ரே அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழிச்சு சீனியர் சிஸ்டரே பொட்டாசியத்தை வேற அலமாரிக்கு மாத்தி, சிவப்பு பிளாஸ்திரி ஒட்டினாங்க. சப்பானிஸ் பேரை அவங்க கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ஆனா செஞ்சது அதேதான்.

16/ தப்பு பண்றவங்களை விட்டுடணும்னு சொல்லல. குடிச்சிட்டு ஓட்டினவனுக்கு தண்டனை வேணும்தான். ஆனா "யார்?"ங்கறதோட நிறுத்தினா, அந்த ஆளை மாத்தலாம், அடுத்த விபத்தை நிறுத்த முடியாது. "ஏன்?"னு இன்னும் ரெண்டு தடவை கேட்டவங்கதான் ஹெல்மெட்டையும் பயிற்சியையும் கருவிகளையும் கொடுத்தாங்க. இன்னிக்கு நீங்க பயமில்லாம ஃப்ளைட் ஏறுறது அவங்களால.

17/ அந்த மினி லாரி டிரைவர் காலுக்கு ராடு போட்டாச்சு, வாக்கர் வெச்சு நடக்குறார். இப்போ நான் ரெஜிஸ்டர்ல கூட ரெண்டு வரி எழுதுறேன்: எத்தனை மணி நேரமா ஓட்டினார், மோதின வண்டில விளக்கு இருந்ததா. அதை யார் படிப்பாங்கன்னு தெரியல. ஆனா எழுதாத வரியை யாருமே படிக்க முடியாது இல்லையா?

18/ பைக் எடுக்குறவங்க ஹெல்மெட் போட்டு பக்கிளை மாட்டிக்கங்க. ராத்திரில ஹைவேல வண்டியை ஓரம் கட்டினா பார்க்கிங் லைட்டைப் போட்டு வைங்க. தூக்கம் வந்தா நிறுத்திட்டுத் தூங்குங்க, சரக்கு காத்திருக்கும்.