ஓம் முதல் வாட் வரை: மின்தடை, மின்திறன் கணக்கீட்டின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பள்ளிப் பாடநூலில் இவ்விரு வாய்பாடுகளும் அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன. வரலாற்றில் இவற்றுக்கிடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. மின்தடை பற்றிய ஓமின் விதி 1826இல் சோதனையால் நிறுவப்பட்டது. திறனின் அலகான வாட், பன்னாட்டு மின்னியலாளர் மாநாட்டில் ஏற்கப்பட்டது 1889இல். விதியைக் கண்டறிந்ததால் மட்டும் கணக்கீடு கைகூடிவிடவில்லை. நிலையான மின்மூலம், வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பற்றிய தெளிவு, அனைவருக்கும் பொதுவான அலகு ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நிலையான மூலத்தைத் தேடி

வோல்டா 1800இல் அறிவித்த மின்கல அடுக்கு, தொடர்ச்சியான மின்னோட்டத்தை முதன்முதலாகத் தந்தது. ஆனால் இணைத்த சிறிது நேரத்திலேயே அதன் வலிமை குறையத் தொடங்கும். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் சைமன் ஓம், 1825இல் இத்தகைய கலங்களைக் கொண்டு சோதித்து, மடக்கை வடிவில் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார், அது நிலைக்கவில்லை. மின்கலத்துக்குப் பதில் வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு அவருக்கு யோசனை சொன்னவர் இதழாசிரியர் பொகண்டார்ஃப். சீபெக் கண்டறிந்த வெப்ப மின்விளைவு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அறிமுகமாகியிருந்தது.

ஓம் ஒரு பிஸ்மத் தண்டின் இரு முனைகளிலும் தாமிரத்தை இணைத்தார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநிலையும் உருகுநிலையும் மாறாத வரை மின்மூலமும் மாறாது. ஒரே தடிமனுள்ள எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் சேர்த்தார். அவற்றின் நீளம் 2 அங்குலத்தில் தொடங்கி 130 அங்குலம் வரை சென்றது. மின்னோட்டத்தின் காந்த விளைவை, தொங்கும் காந்த ஊசி கொண்ட முறுக்குத் தராசால் அளந்தார்.

1826 ஜனவரியில் எடுத்த ஓர் அளவீட்டு வரிசையில் 2 அங்குலக் கம்பிக்கு 326¾ பிரிவுகளும், 130 அங்குலக் கம்பிக்கு 48½ பிரிவுகளும் கிடைத்தன. கம்பியின் நீளம் 65 மடங்கு கூடியும், மின்னோட்டம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக மட்டுமே குறைந்தது. ஓமின் விளக்கம் இதுதான்: கம்பிக்கு வெளியே, மூலத்துக்குள்ளும் இணைப்புகளிலும் 20¼ அங்குலக் கம்பிக்கு இணையான தடை ஏற்கெனவே இருக்கிறது. கம்பியின் நீளத்தோடு 20¼ஐக் கூட்டி, அத்தொகையால் 7285 என்ற மாறிலியை வகுத்தால் 327.4, 48.5 என்ற விடைகள் வருகின்றன. அளவீட்டோடு இவை வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகின்றன. மாறிலி மூலத்தின் மின்னியக்கு விசையைக் குறிக்கிறது. 20¼ என்பது இன்று நாம் அகமின்தடை எனக் குறிப்பிடுவதை உள்ளடக்கியது. ஓமின் மூலச் சமன்பாடு ஒரு முழுச் சுற்றுக்கான சமன்பாடு என்பதை இங்கே வலியுறுத்த வேண்டும்.

1827இல் வெளிவந்த அவரது நூலுக்குத் தாய்நாட்டில் உரிய வரவேற்பு கிடைக்கவில்லை. லண்டன் ராயல் கழகம் 1841இல் காப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் புகழ் பரவியது. ஓம் கையாண்ட மின்விசைக் கருத்தை நிலைமின்னியலின் மின்னழுத்தத்தோடு கிர்க்காஃப் 1849இல் இணைத்துக் காட்டினார்.

வெப்பத்தின் வழியே திறன்

திறனுக்கான பாதை இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் தொடங்குகிறது. பீர் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல், நீருக்குள் கம்பிச் சுருளை வைத்து மின்னோட்டம் செலுத்தி, வெப்பநிலை உயர்வை அளந்தார். ஒரே கால அளவில் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருப்பதை 1841இல் வெளியிட்டார். அப்போது ஆம்பியர் என்ற அலகு கிடையாது. ஒரு மணி நேரத்தில் 9 கிரெயின் நீரைப் பகுக்கும் மின்னோட்டத்தையே ஜூல் தமது அலகாகக் கொண்டார். மின்னியக்கு விசையையும் மின்தடையையும் இயந்திர ஆற்றல் அளவுகளோடு நேரடியாக இணைக்கும் கோட்பாட்டை வில்லியம் தாம்சன் 1851இல் வகுத்தளித்தார்.

பொது அலகுகள்

ஆளுக்கோர் அலகு என்ற நிலையை மாற்றும் கட்டாயம் தந்தித் தொழிலால் வந்தது. கடலடி வடத்தில் பழுது எங்கே என்று கரையிலிருந்து கணிக்க, மின்தடையைத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. வெர்னர் சீமென்ஸ் 1860இல் 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட பாதரசத் தம்பத்தை அளவையாக முன்வைத்தார். 1861இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகம் அமைத்த குழுவில் தாம்சனும் பின்னர் மேக்ஸ்வெல்லும் பணியாற்றினர். 1881இல் பாரிஸ் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது. மறு ஆண்டே வெர்னரின் தம்பி வில்லியம் சீமென்ஸ், ஒரு வோல்ட்டில் பாயும் ஓர் ஆம்பியரின் திறனுக்கு வாட் என்று பெயரிடப் பரிந்துரைத்தார்.

அதே 1882இல் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது. அவர் உயர் மின்தடை கொண்ட விளக்கு இழையை நாடியதற்குத் திறன் கணக்கே காரணம். ஒரே திறனை இரு மடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும். அதே கம்பியில் வீணாகும் வெப்பம் நான்கில் ஒன்றாகும். தாமிரச் செலவைக் குறைக்கும் வழி அதுவாகவே இருந்தது.

முடிவுரை

வகுத்தலும் பெருக்கலும் எளியவை. அவற்றுக்குள் இடப்படும் எண்களுக்குப் பொருள் தந்ததே அந்த அறுபதாண்டு உழைப்பு. 230 வோல்ட், 60 வாட் இழை விளக்கு எரியும்போது சுமார் 0.26 ஆம்பியர் எடுக்கிறது. கணக்குப்படி அதன் மின்தடை 880 ஓம் அளவு. அணைத்துக் குளிர்ந்த பின் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இழையின் வெப்பநிலையோடு அதன் தடையும் மாறுவதே காரணம். எனவே இயங்கும் நிலையில் அளந்த மின்னழுத்தமும் மின்னோட்டமும் மட்டுமே அந்நிலைக்குரிய மின்தடையையும் திறனையும் தரும். கொதிநீரையும் பனிக்கட்டியையும் வைத்து நிலைமைகளை முதலில் உறுதிசெய்துவிட்டு அளக்கத் தொடங்கிய ஓமின் ஒழுங்கு, வாய்பாட்டோடு சேர்த்தே மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டும்.