உளவியல் வினாநிரல்களின் தகவமைப்பு

ஒரு சமூகத்தில் உருவான உளவியல் வினாநிரலை, வேறு மொழி பேசி வேறு சூழலில் வாழும் மக்களுக்கு ஏற்பத் திருத்தி, அவர்களிடமே சோதித்து உறுதிசெய்யும் பணி. கேள்விகளை மொழிபெயர்ப்பது இதன் முதல் படி. யார், எங்கே வைத்துக் கேட்பது, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் மருத்துவரிடம் அனுப்புவது என்பவற்றையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும்.

தொடக்கம்

பிரான்சில் 1905-இல் வெளிவந்த பினே–சிமோன் நுண்ணறிவுச் சோதனை, அமெரிக்காவில் 1916-இல் ஸ்டான்ஃபோர்டு–பினே சோதனையாகத் திருத்தம் பெற்றது. அதனை வி. வி. காமத் 1930-களில் கன்னட, மராத்திச் சிறுவர்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் மீள்மொழிபெயர்ப்பு முறையை வகுத்துரைத்தார். இதில், மூலத்தைப் பார்க்காத ஒருவர் மொழிபெயர்ப்பை மீண்டும் மூலமொழிக்கு மாற்றுவார். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழைகளைக் களைவார்கள். 1990-களில் உலக சுகாதார நிறுவனம் தன் வாழ்க்கைத்தர வினாநிரலுக்கான கேள்விகளைச் சென்னை, புதுதில்லி உள்ளிட்ட 15 மையங்களில் ஒரே காலத்தில் திரட்டியது.

தமிழில்

டேவிட் கோல்ட்பர்க் உருவாக்கிய பொது உடல்நல வினாநிரலின் 12 கேள்வி கொண்ட தமிழ் வடிவத்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்து 1999-இல் வெளியிட்டனர். 2005-இல் எடின்பரோ மகப்பேற்று மனச்சோர்வு வினாநிரலின் தமிழ் வடிவம் வந்தது. 1987-இல் பிரிட்டனில் உருவான இது, பிள்ளை பெற்ற தாயின் கடந்த 7 நாள் மனநிலையை 10 கேள்விகளில் அறிகிறது. ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பிரிட்டனில் 13 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு இருக்கலாம் எனக் கொண்டார்கள். தமிழ்த் தாய்மார்களிடம் அந்த எல்லை 9 எனத் தெரியவந்தது. பழைய எல்லையையே பின்பற்றினால், 10 பெற்ற தாய் நலமாக இருப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படுவாள்.

புலம்பெயர்ந்தோரிடையே

இந்தோசீன அகதிகளுக்காக அமெரிக்காவில் ரிச்சர்ட் மொலிக்கா குழுவினர் ஆக்கிய ஹார்வர்டு பேரதிர்ச்சி வினாநிரல், பிறகு அரபு உட்படப் பல மொழிகளுக்குச் சென்றது. ஆஸ்திரேலியாவில் டெரிக் சிலோவ், சக்கரி ஸ்டீல் குழுவினர் 1990-களின் இறுதியில் ஈழத்தமிழர்களிடம் நடத்திய ஆய்வுகள் இத்துறைக்கு முக்கியமானவை. போரில் பட்ட துன்பத்தோடு, குடியேறிய நாட்டில் படும் அல்லலும் மனநலத்தைக் கெடுப்பதை அவை காட்டின. எனவே, விட்டு வந்த ஊரைப் பற்றி மட்டும் கேட்கும் வினாநிரல் புலம்பெயர்ந்தவருக்குப் போதாது.

ஓசூர் வட்டாரம்

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றோடு வடமாநிலத் தொழிலாளர்களின் இந்தியும் ஒடியாவும் புழங்குகின்றன. தமிழ்த் தாய்மார்களிடம் கண்ட எல்லையை இங்குள்ள ஒடியாத் தாய்க்கு அப்படியே பொருத்த முடியாது. அவருடைய மொழியில் சோதித்த வடிவம் வேண்டும். எழுத்தறியாதவருக்குக் கேள்விகளை வாசித்துக் காட்ட வேண்டும். ஒற்றை அறை வாடகை வீட்டில் கணவரும் மாமியாரும் அருகிலிருக்க, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றிய எடின்பரோ வினாநிரலின் பத்தாவது கேள்விக்கு உண்மையான பதில் வராது, தனியிடம் அவசியம். கேள்விகளில் வாடகை, ஷிப்ட் வேலை, பேறுகாலத்தில் தாய்வீட்டுத் துணை இல்லாமை ஆகியவையும் இடம்பெற வேண்டும். மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பெங்களூருவில் இருக்கிறது. யாரை அங்கே அனுப்ப வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் சரியாகக் கண்டறிய, இத்தகைய தகவமைப்பு இன்றியமையாதது.